‘கிளையண்ட்’ என்ற சொல்லின் சரித்திரம்

சில சொற்கள் வெகுநாளாக நம்மிடையே புழங்கி வருகின்றன. அவற்றைத் தினமும் கேட்கிறோம், தினமும் சொல்லுகிறோம். ஆனால் அவை எங்கே பிறந்தன, எவரெவருக்கு ஊழியம் செய்து நம்மிடம் வந்து சேர்ந்தன என்று நின்று விசாரிப்பதில்லை. ‘கிளையண்ட்’ என்ற இங்கிலீஷ் சொல் இந்த இனத்தைச் சேர்ந்தது. தம்மிடம் வழக்கை ஒப்புவித்தவரை வக்கீல் ‘கிளையண்ட்’ என்கிறார். கணக்குத் தணிக்கை செய்பவரும், விளம்பரம் எழுதிக் கொடுப்பவரும், வீடு கட்டப் படம் போட்டுக் கொடுப்பவரும் அவ்வாறே சொல்லுகின்றனர். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வாலிபர்களுக்குக் ‘கிளையண்ட்’ என்ற பேச்சு இல்லாமல் ஒரு பொழுது கழிவதில்லை. கடையில் சாமான் வாங்குகிறவர் ‘கஸ்டமர்’. ஆலோசனையும் திறமையும் நாடி வருகிறவர் ‘கிளையண்ட்’ என்பது இக்காலத்துப் பாகுபாடு. பின்னது முன்னதைவிட ஒரு படி கௌரவமானது என்பது பலருடைய எண்ணம்.

இந்த எண்ணத்திற்கு ஆதாரம் உண்டா என்று சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், நமக்கு நேர்மாறான செய்தி கிடைக்கிறது. அந்தச் சொல் பிறந்த ரோமாபுரியில், செல்வமும் செல்வாக்கும் உள்ள மனிதர்கள் தம்மைப் பிறருடைய கிளையண்ட் என்று அழைப்பதை மரணத்துக்குச் சமானமாகக் கருதினார்கள் என்று சிசரோ எழுதியிருக்கிறார். கேட்டால் சாவைப் போல் கசந்த ஒரு பெயர், இரண்டாயிரம் ஆண்டுகளில் உபசார வார்த்தையாக மாறியது எப்படி? இது அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. 2024-ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டில், வக்கீலை நாடிய கட்சிக்காரர் நுகர்வோர் ஆவாரா, ஆகமாட்டாரா என்பதே பெரிய வழக்காக நின்றது. ஏமாற்றப்பட்ட ஏழை எந்த வாசலைத் தட்டலாம் என்பது அந்த விடையைப் பொறுத்திருந்தது. ஆகவே இச்சொல்லின் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கேட்பவனா, சாய்பவனா?

லத்தீன் பாஷையில் இச்சொல்லின் உருவம் ‘க்லியென்ஸ்’ என்பது. அதன் வேர் எது என்பதில் பண்டிதர்கள் இரண்டு கட்சி. ஒரு சாரார், ‘க்லுவெரே’ என்ற வினைச்சொல்லிலிருந்து அது வந்தது என்பர். கேட்பது, பிறர் சொல்லுக்குச் செவி கொடுப்பது என்ற கருத்து அதன் அடியில் இருக்கிறது. அவர்கள் கொள்கைப்படி கிளையண்ட் என்பவன் இட்ட கட்டளையைக் கேட்டு நடப்பவன். மற்றொரு சாரார், சாய்வது என்று பொருள்படும் வேரிலிருந்து அது தோன்றியது என்பர். அவர்கள் கொள்கைப்படி கிளையண்ட் என்பவன் மற்றொருவன்மேல் சாய்ந்து நிற்பவன்.

இரண்டில் எது உண்மையாயினும் அதற்கு நம் தேசத்தில் உறவு உண்டு. லத்தீனும் ஸம்ஸ்கிருதமும் ஒரே குடும்பத்துப் பாஷைகள். கேட்பது என்ற வேர் ஸம்ஸ்கிருதத்தில் ‘ச்ரு’ என்று வழங்குகிறது. ‘சுருதி’, ‘சிரவணம்’ என்று நாம் சொல்லும் சொற்கள் அதன் மக்கள். சாய்வது என்ற வேர் ‘ச்ரி’ என்று வழங்குகிறது. அதன் மக்கள் ‘ஆசிரயம்’, ‘ஆசிரிதன்’ என்பவை. ஒருவரை அண்டிப் பிழைக்கும் மனிதனை ஆசிரிதன் என்று நம் பெரியோர் சொன்னார்கள் அல்லவா? ரோமாபுரியின் ஆதிக் கிளையண்டைத் தமிழில் ஒரே சொல்லால் பெயர்க்க வேண்டுமானால் இதைக் காட்டிலும் பொருத்தமான சொல் கிடையாது. வேர் எதுவாயினும் கருத்து ஒன்றே: தன் காலில் தான் நில்லாதவன்; தன் குரலில் தான் பேசாதவன்.

ஆசிரிதன் ஒருவன் இருந்தால் அவனுக்கு ஆசிரயம் கொடுப்பவனும் ஒருவன் இருக்க வேண்டும். அவனுக்கு ரோமர்கள் இட்ட பெயர் ‘பத்ரோனுஸ்’. பிதா என்பதற்குரிய லத்தீன் சொல்லான ‘பாதேர்’ அதன் வேர். இங்கிலீஷில் ‘பேட்ரன்’ என்று வழங்குவது இதுவே. தந்தையைப் போல் நிற்பவன் மேலே, செவி சாய்ப்பவன் கீழே. இந்த இரண்டு சொற்களும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேசுவதில் பயனில்லை.

ரோமாபுரியின் ஏற்பாடு

இந்த ஏற்பாட்டை ரோமாபுரியை ஸ்தாபித்த ரோமுலஸே செய்து வைத்ததாக ஐதீகம். ஹாலிகார்னஸஸ் ஊரைச் சேர்ந்த டயோனிசியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். உயர்குலத்தாரான பேட்ரிஷியன்கள் தம் ஆசிரிதர்களுக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் அவர்களுக்காக வழக்காட வேண்டும். அவர்கள் ஊரிலிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளைப் போல் கவனித்துக் கொள்ள வேண்டும். இதற்குப் பதிலாக ஆசிரிதர்கள் என்ன செய்ய வேண்டும்? பிரபுவின் பெண்ணுக்குக் கலியாணம் செய்யப் பணம் போதாவிட்டால் சீர் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரபு பகைவரிடம் சிறைப்பட்டால் மீட்புப் பணம் திரட்ட வேண்டும். வழக்கில் தோற்று அவர் அபராதம் செலுத்த நேர்ந்தால் அதையும் தங்கள் கைப்பொருளிலிருந்து கட்ட வேண்டும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுப்பதோ, எதிராகச் சாட்சி சொல்வதோ, எதிராக வோட்டுப் போடுவதோ கூடாது.

இதை வாசிக்கும்போது பரஸ்பர அன்பின் சித்திரம் போலத் தோன்றும். ஆனால் இது சமமானவர்களுக்குள் நடந்த உடன்படிக்கை அன்று. சட்டம் இன்னதென்று அறிந்தவர் பிரபு. நியாயஸ்தலத்தில் பேசத் தெரிந்தவர் பிரபு. அங்கே அமர்ந்திருப்பவர்களும் பிரபுவின் இனத்தார். ஏழைக்குத் தன் நியாயத்தைத் தானே எடுத்துரைக்க வழியில்லை. விடுதலை பெற்ற அடிமையும் சுதந்திரனான மறுகணமே பழைய எஜமானனுக்கு ஆசிரிதனாகிவிடுவான். சங்கிலி அறுந்தது, கயிறு மிஞ்சியது.

எனினும் ரோமர்களுக்கு ஒரு நியாய உணர்ச்சி இருந்தது. கி.மு. 451, 450-ஆம் ஆண்டுகளில் அவர்கள் இயற்றிய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தன் ஆசிரிதனை வஞ்சித்த பிரபு சாபத்துக்குரியவன் என்று விதித்தார்கள். இங்கே சாபம் என்பது வெறும் வசவு அன்று. அவன் தெய்வங்களுக்கு விடப்பட்டவன், மனித சட்டத்தின் காப்பு அவனுக்கு இல்லை என்பது அதன் பொருள். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் காவியம் பாடிய வர்ஜில், பாதாள லோகத்தில் தண்டனைக்குக் காத்திருக்கும் பாவிகளின் வரிசையில், தந்தையை அடித்தவனுக்குப் பக்கத்திலேயே ஆசிரிதனை வஞ்சித்தவனையும் நிறுத்தினார். நம்பி வந்தவனை மோசம் செய்வது சாதாரணக் குற்றம் அன்று என்பது அவர்கள் துணிபு. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.

மாரியஸ் மறுத்த சலுகை

கிளையண்ட் என்ற பெயர் மானமுள்ளவனுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்குப் புளூட்டார்க் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறார். கி.மு. 115 வாக்கில் நடந்தது அது. ஆர்ப்பினம் என்ற சிற்றூர்ப் பக்கத்திலிருந்து வந்து, குலப் பெருமை எதுவுமின்றித் தன் முயற்சியால் உயர்ந்த மாரியஸ், பிரேட்டர் பதவிக்கு நின்று ஜயித்தார். வோட்டுக்கு லஞ்சம் கொடுத்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. ஹெரென்னியஸ் என்ற பிரபு சாட்சிக்கு அழைக்கப்பட்டார். அவர் எழுந்து, மாரியஸின் முன்னோர்களும் மாரியஸும் தம் குடும்பத்துக்கு ஆசிரிதர்கள் என்றும், பிரபு தன் ஆசிரிதனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது வழக்கத்துக்கு விரோதம் என்றும் சொல்லி மறுத்தார். நியாயாதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதன் இதைவிட வேறென்ன விரும்பக்கூடும்? எதிரிச் சாட்சி ஒருவர் தாமாகவே விலகிக்கொள்கிறார். மாரியஸோ எழுந்து ஆட்சேபித்தார். ஜனங்கள் தம்மை முதன்முதலாகப் பதவிக்குத் தேர்ந்தெடுத்த அன்றே தாம் ஆசிரிதர் என்ற நிலை ஒழிந்துவிட்டது என்று வாதாடினார். அவருடைய வாதம் முழுவதும் சரியன்று, உயர்ந்த சில பதவிகளுக்கே அந்தப் பலன் உண்டு என்று புளூட்டார்க் குறிப்பிடுகிறார். அது எவ்வாறாயினும் ஆகுக. சாட்சியின் வாயை அடைக்கக்கூடிய சலுகை ஒரு பக்கம்; தான் எவருக்கும் ஆசிரிதன் அல்லன் என்ற சுதந்திரம் ஒரு பக்கம். ஆபத்தின் நடுவில் நின்றுகொண்டு பின்னதையே அவர் பிடித்தார். முடிவில் நியாயாதிபதிகளின் வோட்டுகள் இரு பக்கமும் சமமாக விழுந்து அவர் விடுதலையானார். பின்னால் ஏழு முறை கான்ஸல் ஆனவர் இவரே.

இத்தகைய எழுச்சிக்கு வேறொரு துணையும் அக்காலத்தில் ஏற்பட்டிருந்தது. அதுவரையில் ரோமாபுரித் தேர்தலில் வாயால் சொல்லியே வோட்டளிப்பார்கள். பக்கத்தில் பிரபு நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆசிரிதன் வேறு எவர் பெயரைச் சொல்லுவான்? கி.மு. 139-இல் கபீனியச் சட்டம் வந்து, தேர்தலில் எழுத்துப் பலகையில் ரகசியமாக வோட்டளிக்கும் முறையை ஏற்படுத்திற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த முறை சட்டசபைத் தீர்மானங்களுக்கும் வழக்குகளுக்கும் பரவிற்று. கிளையண்டைப் பிரஜையாக்கிய கருவி ரகசிய வோட்டு என்று சொன்னால் அது மிகையாகாது. இன்றும் சலுகை கொடுத்து வோட்டு வாங்கும் அரசியலுக்குச் சாஸ்திரக்காரர்கள் இந்த ரோமானியச் சொல்லையே கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். நோயின் பெயரோடு மருந்தின் பெயரும் அந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

கூடைச் சோறும் வக்கீல் கூலியும்

குடியரசு போய்ச் சக்ரவர்த்திகளின் ஆட்சி வந்தபின், ஆசிரிதனின் வோட்டுக்கு விலையில்லாமற் போயிற்று. பிறகு அவன் எதற்கு? பிரபுவின் பெருமையைத் தெருவுக்குக் காட்டுவதற்கு. பொழுது விடியும் முன் ஆசிரிதர்கள் கனத்த ‘டோகா’ அங்கியைச் சுற்றிக்கொண்டு பிரபுவின் வாசலில் போய் நிற்க வேண்டும். அழைக்கப்பட்டால் உள்ளே சென்று வந்தனம் சொல்ல வேண்டும். அவர் வெளியே புறப்பட்டால் பின்னால் நடக்க வேண்டும். இதற்குக் கூலியாகச் சிறு கூடையில் ஆகாரம் கொடுப்பார்கள். கூடைக்குரிய பெயரால் அந்தக் கொடைக்கே ‘ஸ்போர்ட்டுலா’ என்று பெயராயிற்று. பிற்பாடு ஆகாரத்துக்குப் பதில் நூறு செப்புக் காசு கொடுப்பது வழக்கமாயிற்று. ஸ்பெயினிலிருந்து வந்து ரோமாபுரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசித்த கவி மார்ஷியல் இந்த வாழ்க்கையைத் தாமே அனுபவித்துப் பரிகாசமாகப் பாடியிருக்கிறார். ஜுவெனல் என்ற கவியோ, ஒரே பந்தியில் பிரபுவுக்கு வெள்ளை ரொட்டியும் ஆசிரிதனுக்குப் பூசணம் பிடித்த ரொட்டியும் பரிமாறுகிற அநியாயத்தை ஒரு முழு அங்கதச் செய்யுளாகவே எழுதிவிட்டார்.

வழக்காடுதல் என்ற பழைய கடமை இதற்குள் தொழிலாக மாறிக்கொண்டு வந்தது. வழக்கு நடத்திக் கொடுப்பதற்குப் பணமோ பரிசோ வாங்கக்கூடாது என்று கி.மு. 204-இல் சின்ஸியச் சட்டம் தடுத்தது. கடமைக்குக் கூலி உண்டா என்பது அதன் கருத்து. ஆனால் சட்டம் ஒன்று சொல்ல நடப்பு வேறாக இருந்தது. கடைசியில் கி.பி. 47-இல் கிளாடியஸ் சக்ரவர்த்தி, பதினாயிரம் செஸ்டர்ஸ் வரையில் வாங்கலாம் என்று வரம்பு கட்டினார். தந்தை போல் நின்றவர் கூலி பெறும் வக்கீலானார். பிள்ளை போல் நின்றவன் பணம் கொடுக்கும் கட்சிக்காரனானான். பெயர்கள் மட்டும் மாறவில்லை. இச்சொல் பின்னர் இங்கிலாந்துக்குப் போனது இந்த வாசல் வழியாகவே.

அதற்குமுன் ஒரு வார்த்தை. ரோமர்கள் மனிதர்களை மட்டுமன்றி ராஜ்யங்களையும் ஆசிரிதர்களாக வைத்திருந்தார்கள். கி.மு. 37 முதல் கி.மு. 4 வரையில் யூதேயாவை ஆண்ட ஹெரோது அப்படிப்பட்ட அரசர். அவர்களை ரோமர்கள் வெளிப்படையாகக் கிளையண்ட் என்று அழைப்பதில்லை; ‘நண்பர், கூட்டாளி’ என்று மரியாதையாக அழைத்தார்கள். சரித்திரக்காரர்கள்தாம் பிற்காலத்தில் ‘கிளையண்ட் ராஜாக்கள்’ என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். இந்த மரியாதையின் ருசியை நம் தேசமும் அறியும். 1798-இல் ஹைதராபாத் நிஜாமோடு வெல்லெஸ்லி செய்துகொண்ட துணைப்படை உடன்படிக்கையிலும் நட்பு என்ற சொல்லுக்குக் குறைவில்லை. 1799-இல் தஞ்சையின் நிர்வாகமும், 1801-இல் கர்நாடக நவாபின் ராஜ்யமும் கும்பெனியின் கைக்குப் போனபோது அந்த நட்பின் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கிற்று.

இங்கிலாந்தில் நேர்ந்த தலைகீழ் மாற்றம்

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சு பாஷை வழியாக இச்சொல் இங்கிலீஷில் புகுந்தது. அங்கே முதலில் அதற்கு வக்கீலின் கட்சிக்காரர் என்றே பொருள். 17-ஆம் நூற்றாண்டு முதல், தம் காரியத்தைப் பிறருடைய திறமைக்கு ஒப்புவிக்கும் எவருக்கும் அது பொருந்தலாயிற்று. பிறகு பாங்குக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தையற்காரர்களும் சிகை அலங்காரம் செய்வோரும் எடுத்துக்கொண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், மனக்கவலையோடு தம்மிடம் வருபவரை நோயாளி என்று சொல்லாமல் கிளையண்ட் என்றே சொன்னார். 1951-இல் அவர் வெளியிட்ட பிரசித்தமான நூலின் தலைப்பிலேயே அச்சொல் நிற்கிறது. நோயாளி என்பதற்குரிய இங்கிலீஷ் சொல்லுக்குத் துன்பத்தைப் பொறுத்துக் கிடப்பவன் என்பது மூலப்பொருள். அதைவிட இது மேல் என்று அவர் கருதினார். ஆசிரிதன் என்ற சொல்லே சுயேச்சையின் அடையாளமாகிவிட்ட விந்தையை இங்கே காண்கிறோம். கம்ப்யூட்டர் துறையிலோ மாற்றம் பூர்த்தியாகிவிட்டது. அங்கே கேட்கிற யந்திரம் கிளையண்ட். கேட்டதைக் கொடுத்து ஊழியம் செய்கிற யந்திரம் ‘ஸெர்வர்’.

பேட்ரன் என்ற சொல்லின் கதி இன்னும் வேடிக்கை. ஜான்ஸன் தம் 1755-ஆம் வருஷத்து அகராதியில், அகந்தையோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாகப் பெறுகிற மனிதன் என்று அதற்குக் கசப்பாகப் பொருள் எழுதினார். இன்றோ ஹோட்டல்காரர்களும் நூல் நிலையத்தார்களும் தம்மிடம் வருகிறவர்களைப் ‘பேட்ரன்கள்’ என்கிறார்கள். ரோமாபுரியில் எதிரெதிரே நின்ற இரண்டு சொற்கள் இப்போது ஒரே மனிதனின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பணம் கொடுத்து வேலை வாங்குகிறவன் கிளையண்டும் ஆவான், பேட்ரனும் ஆவான்! பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறதோ, அதைப் பார்த்துக்கொண்டு மரியாதையும் இடம் மாறிவிட்டது.

கஸ்டமர் என்ற சொல்லுக்கு இத்தகைய பழங்கறை கிடையாது. வழக்கம் என்ற பொருளுள்ள ‘கஸ்டம்’ என்பது அதன் மூலம். பிரபுவுக்கு வழக்கமாகச் செலுத்தும் வரிக்கு அப்பெயர் ஏற்பட்டு, அதிலிருந்து சுங்கமும் ‘கஸ்டம்ஸ்’ ஆயிற்று. ஆதியில் சுங்கம் வசூலிப்பவனையும் கஸ்டமர் என்று அழைத்ததுண்டு. 1374-இல் லண்டன் துறைமுகத்துச் சுங்கக் கணக்குக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் கவி சாஸர். ஒரே கடைக்கு வழக்கமாக வருகிறவன் கஸ்டமர் என்பது அச்சொல்லின் மற்றொரு கிளை. நம் தமிழரும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறார்கள். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக வருகிறவர் வாடிக்கைக்காரர். யாரிடமிருந்து யார் கடன் வாங்காமலே இரண்டு ஜாதியாரின் எண்ணம் ஒரே பாதையில் போயிருக்கிறது. வாடிக்கைக்காரருக்கு உள்ள பலம் இதுதான்: நாளைக்கு அவர் வேறு கடைக்குப் போகலாம். வாசலில் காத்து நின்ற ரோமாபுரி ஆசிரிதனுக்கு அந்தப் பலம் இல்லை.

பிரபுவும் ஆசிரிதனும் என்ற ஜோடிக்குத் தமிழில் புரவலர், இரவலர் என்ற ஜோடி உண்டு. ஆனால் நம் புலவர்கள் இரப்பதிலும் மானத்தை விட்டவர்கள் அல்லர். அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. தாம் பொருளுக்கு வந்து போகும் வியாபாரி அல்லர் என்பது அவர் சொன்ன காரணம். அவர் ஆசிரிதராகவும் இல்லை, வாடிக்கைக்காரராகவும் இல்லை. அறிந்து மதிக்கப்பட வேண்டிய மனிதராக நின்றார். வக்கீலிடம் போகிறவருக்குத் தமிழர் வைத்த பெயரும் இவ்விதமே மானமுள்ளது. கட்சிக்காரர் என்கிறோம். கட்சி என்றால் பக்கம். வழக்கில் ஒரு பக்கத்துக்கு உரியவர் அவர். வழக்கு அவருடையது, வக்கீல் அவர் பக்கம் நின்று பேசுகிறவர். கேட்டு நடப்பவன், சாய்ந்து நிற்பவன் என்ற வாசனையே அதில் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு

இனி நம் தேசத்து விவகாரத்துக்கு வருவோம். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. அதற்குப் பதிலாக 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2020-இல் அமலுக்கு வந்தது. விலை கொடுத்துப் பொருள் வாங்கியவரும், கூலி கொடுத்துச் சேவை பெற்றவரும் குறை நேர்ந்தால், பெரிய செலவின்றி ஜில்லா கமிஷனில் முறையிடலாம் என்பது இச்சட்டத்தின் பெரிய நன்மை. 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு, கட்டணம் வாங்கி வைத்தியம் செய்யும் டாக்டர்களும் இதற்கு உட்பட்டவர்களே என்று தீர்ப்பளித்தது. வக்கீல்களும் உட்பட்டவர்களே என்று 2007-இல் தேசிய நுகர்வோர் கமிஷன் தீர்மானித்தது. அதன்மேல் எழுந்த அப்பீலில் 2024 மே 14-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, வக்கீல்களின் தொழில் இச்சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று முடிவு கட்டிற்று.

அதற்குக் கோர்ட்டு சொன்ன காரணங்களில் ஒன்று நம் கவனத்துக்கு மிகவும் உரியது. வக்கீல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதில் கட்சிக்காரருக்கு நேரடியான அதிகாரம் பெரிதும் இருக்கிறது. அவருடைய உத்தரவின்றி வக்கீல் அவர் சார்பில் விட்டுக்கொடுக்கவோ உறுதி சொல்லவோ கூடாது. ஆகவே இது சொந்த ஊழிய ஒப்பந்தம். அத்தகைய ஒப்பந்தத்தைச் சட்டமே விலக்கியிருக்கிறது என்பது அந்தக் காரணம். ரோமாபுரியில் பிரபு சொல்ல ஆசிரிதன் கேட்டான். நம் சுப்ரீம் கோர்ட்டின் பார்வையில் கட்சிக்காரர் சொல்ல வக்கீல் கேட்கிறார். சொல்லின் வேரில் இருந்த கருத்து இதற்குமேல் தலைகீழாக முடியாது.

தத்துவத்தில் இது உயர்ந்த நிலை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். கட்சிக்காரர் எஜமானர் என்பதைவிட அவருக்கு வேறு என்ன கௌரவம் வேண்டும்? ஆனால் நடப்பு என்ன? கிராமத்திலிருந்து நிலவழக்குக்காக வருகிற குடியானவர் வக்கீல் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, எழுதாத வக்காலத்துக் காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிறார். வாய்தா எத்தனை, எதற்காக என்று அவருக்குத் தெரியாது. தம் சார்பில் என்ன மனுப் போடப்பட்டது என்பதும், அது இங்கிலீஷில் இருந்தால், அவருக்குத் தெரியாது. காலையில் வந்து மாலை வரையில் வராந்தாவில் காத்திருக்கிறார். இவரிடம் போய், ‘ஐயா, உம்முடைய வக்கீல்மேல் உமக்கு நேரடியான அதிகாரம் இருக்கிறது, ஆதலால் நீர் நுகர்வோர் அல்லர்’ என்று சொன்னால் அவர் நம்புவாரா? அவர் நிலை சுப்ரீம் கோர்ட்டு சொன்ன எஜமானரின் நிலையைவிட, டோகா சுற்றிக்கொண்டு விடியற்காலையில் வாசலில் நின்ற ஆசிரிதனின் நிலைக்கே அருகில் இருக்கிறது. யோக்கியமான வக்கீல்கள் நம்மிடையே ஏராளம். கட்சிக்காரரின் வழக்கைத் தம் வழக்காக எண்ணி இரவும் பகலும் உழைப்பவர்களை நாம் அறிவோம். ஆனால் யோக்கியர்களை உத்தேசித்து எந்தச் சட்டமும் செய்யப்படுவதில்லை.

வக்கீல் தவறு செய்தால் கேட்பாரே இல்லை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. 1961-ஆம் வருஷத்து அட்வகேட் சட்டப்படி, ராஜ்ய பார் கவுன்சிலில் நடத்தைப் பிசகுக்காகப் புகார் செய்யலாம். அசட்டையால் நஷ்டம் நேர்ந்தால் சாதாரணக் கோர்ட்டில் வழக்காடும் வழியும் அடைபடவில்லை. ஆனால் முதல் வழியில் விசாரிப்பவர்கள் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள். இரண்டாவது வழியில், ஒரு வக்கீல்மேல் வழக்குத் தொடுக்க இன்னொரு வக்கீலைத் தேட வேண்டும். இங்கிலாந்தில் வாதாடும் பாரிஸ்டர்மேல் அசட்டைக்காக வழக்கே தொடுக்க முடியாது என்று நெடுங்காலம் ஒரு பாதுகாப்பு இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையே அதை எடுத்துவிட்டது. அதனால் அங்கே நீதி பரிபாலனம் இடிந்து விழுந்துவிடவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருந்தும்.

ஆகவே நமக்குத் தோன்றுவது இது. கட்சிக்காரரே எஜமானர் என்று தேசத்தின் உன்னத நியாயஸ்தலம் சொல்லியாயிற்று. அந்த வாக்கை மெய்யாக்குவது வக்கீல்களின் சங்கங்களுக்கும் பார் கவுன்சில்களுக்கும் ஏற்பட்ட கடமை. வாங்கும் கட்டணத்துக்கு ரசீது கொடுக்கட்டும். வழக்கின் நிலையைக் கட்சிக்காரருக்குத் தெரிந்த பாஷையில், தமிழ்நாட்டிலானால் தமிழில், எழுத்தில் தெரிவிக்கட்டும். எழுதாத காகிதத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை ஒழிக்கட்டும். புகார் விசாரணைகளைத் தாமதமின்றி நடத்தி முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடட்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

கிளையண்ட் என்றாலும், கஸ்டமர் என்றாலும், கட்சிக்காரர் என்றாலும், பெயரில் மட்டும் மரியாதை வந்துவிடாது. ஆசிரிதனைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே பூசணம் பிடித்த ரொட்டியைப் போட்டது ரோமாபுரி. அதே ரோமாபுரிதான், நம்பி வந்தவனை வஞ்சித்தவன் சாபத்துக்குரியவன் என்று பலகையில் எழுதி ஊர்நடுவே வைத்தது. இவ்விரண்டில் எதை நாம் பின்பற்றுகிறோம் என்பதைக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் குடியானவரைக் கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.